நடப்பாருங்களா?

என் மேசையில் மூன்று நாற்பது பக்க நோட்டுகள் இருக்கின்றன. அட்டையின் பின்பக்கம் வாய்ப்பாடு போட்டிருக்குமே, அந்தப் பள்ளிக்கூட நோட்டுதான். உள்ளே பாடம் எதுவும் இல்லை. "காலை 6 – வலது. 8 – மல்லாக்க. 10 – இடது. 12 – வலது" என்று பக்கம் பக்கமாக இதுவேதான் ஓடுகிறது. ராத்திரி 2 மணிக்கும் ஒரு வரி இருக்கிறது, விடிகாலை 4 மணிக்கும் ஒரு வரி. நடுநடுவே "காய்ச்சல் 101", "குதிங்கால் செவப்பு இல்லை". மூன்றாவது நோட்டில் "மூத்திரம் 350", "400" என்று எண்கள். எழுதியது என் மாமன் மகள். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

தண்டுவடக் காயம் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் டாக்டர் கிடையாது. படிப்பதைக் குறித்து வைக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் ஒரு வருஷம் நாங்கள் தப்பான கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது. இன்னொரு வீட்டுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். மாமாவிடமும் அத்தையிடமும் கேட்டுக்கொண்டேன். "பேரு மட்டும் போடாத மாப்ள, மத்ததெல்லாம் எழுது" என்றார் மாமா.

2016, ஆடி மாசம். தாராபுரத்திலிருந்து அலங்கியம் போகிற பக்கம், அமராவதி வாய்க்கால் பாய்கிற பூமி. தென்னந்தோப்பு. மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சொன்ன நாளைக்கு வருவதில்லை. மாமாவே ஏறிவிடுவார். சின்ன வயசிலிருந்து ஏறிய கை. அன்றைக்குப் பிடித்த மட்டை காய்ந்து போயிருந்தது, கையோடு வந்துவிட்டது. சுமார் 25 அடி. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். நினைவு தப்பவில்லை, ரத்தம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடிப் போனபோது அவர் கேட்ட முதல் வார்த்தை, "எங் காலு இருக்குதா பாருங்".

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நாங்கள் நாலு பேர் ஓடிப்போய், இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, இரண்டு பேர் காலைப் பிடித்து, மூட்டை தூக்குவது போலத் தூக்கிக் காரின் பின் சீட்டில் மடக்கி உட்கார வைத்தோம். அக்குளில் கை கொடுத்ததில் நானும் ஒருத்தன். உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர், கிணற்றில் தலைகுப்புறக் குதித்தவர், இவர்களில் யாராவது கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்துப் போச்சு என்றாலோ, அவர்களை மடக்கவே கூடாது. கிடந்தபடியே விட்டுவிட்டு 108க்குச் சொல்ல வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவது போல ஒன்றாகப் புரட்டிப் பலகை மேல் வைக்க வேண்டும். தோட்டத்தில் பழைய கதவுப் பலகை ஒன்று சாத்தித்தான் இருந்தது.

"நாங்க தூக்குனதாலதான் இப்படி ஆச்சுங்களா?" என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். விழுந்த வேகத்திலேயே பெரும்பாலும் நசுங்கியிருக்கும், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் இருந்து வருகிறேன்.

என்ன நசுங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எங்களுக்கே இது மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. முதுகெலும்பு என்பது ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய எலும்புகள். அந்த அடுக்குக்குள் ஒரு குழாய் போல வழி. அதற்குள் மூளையிலிருந்து தொங்கிக்கொண்டு வருவதுதான் தண்டுவடம். சுண்டுவிரல் தடிமன், ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், நன்றாகப் பழுத்த வாழைப்பழம் மாதிரி மெது. அது முதுகின் அடி வரை வருவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு, இரண்டாவது எலும்பு பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்புக் கற்றைகள்தான். உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுகிறவர்களுக்கு அடி பெரும்பாலும் மார்பு எலும்புகளும் இடுப்பு எலும்புகளும் சேருகிற அந்த வளைவில்தான் விழும். மாமாவுக்கு உடைந்தது இடுப்பின் முதல் எலும்பு. உடைந்த துண்டு பின்னால் தள்ளி, தண்டுவடத்தின் நுனியை அழுத்திவிட்டது. அந்த நுனியில்தான் கால், மூத்திரப்பை, மலக்குடல் மூன்றுக்கும் போகிற நரம்புகள் புறப்படுகின்றன. கழுத்தில் அடிபட்டால் கையும் போகும், சில சமயம் மூச்சும் சிரமமாகும். மாமாவுக்கு இரண்டு கையும் தப்பியது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். கம்பி வைத்து, ஸ்க்ரூ போட்டு, அழுத்திக்கொண்டிருந்த துண்டை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர், "ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். எங்கம்மா அங்கேயே பழனி மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நல்லபடியாக முடிந்தது உண்மைதான். எலும்பு நின்றது. ஆனால் எலும்பை நிறுத்துவது வேறு, நரம்பை உயிர்ப்பிப்பது வேறு. கையில் வெட்டுப்பட்ட நரம்பு மெதுவாகவாவது வளர்ந்து சேரும். மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் இருக்கிற நரம்பு நார்கள் அப்படி வளர்வதில்லை, காயம்பட்ட இடத்தில் உண்டாகிற தழும்பும் விடுவதில்லை. ஆப்பரேஷன் செய்வது மேற்கொண்டு நசுங்காமல் காப்பதற்கும், சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பதற்கும். இதை யாரும் மறைக்கவில்லை. டாக்டர் சொன்ன இடத்தில் நாங்கள் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டோம்.

தண்டுவடக் காயத்தை ஏ முதல் இ வரை ஐந்து தரமாகப் பிரிக்கிறார்கள். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அதில் முக்கியமான சோதனை. அங்கே கொஞ்சமாவது உணர்வு இருந்தால் நார்கள் முழுசாக அறுபடவில்லை, மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். மாமாவுக்கு ஏ. அதாவது முழுமையான இழப்பு. வருகிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடும். அதற்கப்புறமும் சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம் வரை மெல்ல வரும், ஆனால் ஏ தரத்தில் இருப்பவருக்கு எழுந்து நடக்கிற அளவுக்கு வருவது அபூர்வம்.

இனி ஒறம்பரை கதை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் சொல்லிக் காட்டுவார்கள். ஆசாரத்தில் கட்டில் போட்டு மாமாவைப் படுக்க வைத்திருந்தோம். காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும். மூலனூரிலிருந்து, குண்டடத்திலிருந்து, வெள்ளகோவிலிலிருந்து. ஆப்பிள், ஹார்லிக்ஸ், இளநி. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நடப்பாருங்களா?" அத்தை, "நடந்துருவாருன்னு சொல்லியிருக்காங்" என்று காப்பி போடப் போவார். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

வந்தவர்களுக்கு முகம் கொடுத்துப் பேச வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தால் மரியாதையா? அதனால் மாமா பகல் முழுக்க மல்லாந்தே கிடந்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம் என்றால், "சித்த பொறு, அவிய வந்துட்டுப் போகட்டும்" என்பார். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. ஏன் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. காற்று மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோமே என்று நாங்களும் தைரியமாக இருந்தோம்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களை அறியாமல் இரண்டு மூன்று முறை அசைந்து உட்கார்ந்திருப்பீர்கள். எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிய தோலுக்கு ரத்தம் நின்றுபோகிறது, அது வலிக்கிறது, உடம்பு நகர்கிறது. தூக்கத்திலும் அப்படித்தான் புரளுகிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலி மேலே போய்ச் சேருவதில்லை. இடுப்பின் பின்பக்க எலும்பு, உட்காரும் எலும்பு, குதிங்கால் ஆகிய இடங்களில் தோலும் சதையும் சத்தமில்லாமல் செத்துப்போகும். அதிலும் எலும்பை ஒட்டிய சதை முதலில் சாகும், தோல் கடைசியில்தான் காட்டும். மேலே ஒரு ரூபாய்க் காசு அளவு செவப்பு தெரிந்தால் உள்ளே ஒரு குழியே இருக்கலாம். மாமாவுக்கு ஐப்பசியில் காய்ச்சல் விடவே இல்லை. வீட்டில் ஒரு வாடை. புரட்டிப் பார்த்தபோது எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்குப் புண். அடியில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். செத்த சதையை வெட்டி எடுத்து, பக்கத்துச் சதையைத் திருப்பி மூடினார்கள். முதல் ஆப்பரேஷனைவிட இதற்குத்தான் அதிகம் செலவானது. அதற்கு நடுவில் நவம்பர் 8 வந்தது. மாடு விற்ற பணம் முழுக்க ஐநூறும் ஆயிரமுமாக வீட்டில் இருந்தது, மருந்துக்குச் சில்லறை இல்லை. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

என் மாமன் மகளின் நோட்டு அந்த ஆஸ்பத்திரியில்தான் தொடங்குகிறது. ஒரு நர்ஸக்கா, "நேரம் எழுதி வெச்சாத்தான் திருப்புவீங்க" என்று சொன்னாராம். முதல் பக்கம் முழுக்க சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள். ஒறம்பரை வருவது அதன் பிறகும் குறையவில்லை. ஆனால் மணி ஆனதும் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பிள்ளை வந்து, "அப்பாவத் திருப்போணுங்க, சித்த எந்திரிங்க" என்று சொல்லிவிடும். பெரியவர்களில் சிலருக்குக் கோபம். ஒருத்தர் எழுந்து போயே விட்டார்.

இந்த இரண்டு மணிக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடம் இல்லை. படுக்கைப்புண்ணில் புகுந்த சீழும், மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிய கிருமியும்தான். ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற யூத நரம்பியல் மருத்துவர் 1944இல் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் புது மருந்து எதுவும் பெரிதாக இல்லை. ராத்திரி பகல் பாராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வைத்தார். மூத்திரம் எடுப்பதில் சுத்தம். பிறகு வேலை, விளையாட்டு. 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வீல்சேரில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வந்தது. பாராலிம்பிக்ஸ் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருக்கிற திருப்பிப் போடுகிற கதை யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கதை வேலூர் வழியாக வந்தது. 2017 மார்ச்சில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்துக்கு, பாகாயத்துக்குப் போனோம். அந்த மையம் இருப்பதற்கே ஒரு தண்டுவடக் காயம்தான் காரணம். மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர், வேலூரில் படித்து அங்கேயே டாக்டரானவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு போன வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த பால் பிராண்ட், அந்த வேலையை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவரை இழுத்தார். வீல்சேரில் உட்கார்ந்து ஆப்பரேஷன் செய்தார் மேரி. ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி, பிறகு நியூயார்க்கில் அதே துறையில் படிப்பு. திரும்பி வந்து 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ, 1986இல் காலமானார்.

அங்கே எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு ஏற்பாடு, நோயாளியோடு வீட்டாள் ஒருத்தர் கூடவே தங்க வேண்டும் என்பது. துணைக்கு இருப்பதற்காக இல்லை, கற்றுக்கொள்வதற்காக. பக்கத்துக் கட்டிலில் வங்காளத்துக்காரர் ஒருத்தர், அவர் மனைவி. அத்தைக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. அந்தம்மாவுக்கு வங்காளியைத் தவிர வேறு தெரியாது. கட்டிலிலிருந்து வீல்சேருக்குப் பலகை வைத்து நகர்த்துவது எப்படி என்று அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தம்மாதான். மாமாவுக்குப் பாயில் படுக்க வைத்துக் கைக்குப் பயிற்சி. தன் உடம்பைக் கையால் ஊன்றித் தூக்கப் பழக வேண்டும். வீல்சேரில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றிப் புட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தோப்பில் மரம் ஏறிய கைக்கு அது கஷ்டமில்லை, ஞாபகம்தான் கஷ்டம். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்துத் தன் பின்பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூத்திர விஷயத்தை வெட்கப்படாமல் எழுத வேண்டும். அதுதான் வாழ்வா சாவா என்கிற இடம். மாமாவுக்கு ஏழெட்டு மாதமாக டியூப் உள்ளேயே இருந்தது, தொடையோடு ஒரு பை. டியூப் உள்ளேயே கிடந்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறும், கல் உண்டாகும். பையைத் துண்டால் மறைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் திரும்பிக்கொள்வார். வேலூரில் அதை எடுத்துவிட்டு, நாலு மணியிலிருந்து ஆறு மணிக்கொரு தரம் மெல்லிய டியூபைத் தானே செலுத்தி மூத்திரத்தை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடக் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கு ஆப்பரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்காவில் ஜாக் லபிடஸ் என்ற டாக்டர் 1972இல் எழுதினார். மூத்திரப்பையை நிரம்பி வழிய விடுவதுதான் ஆபத்து, நேரத்துக்குக் காலி செய்தால் உடம்பே கிருமியைச் சமாளிக்கும் என்பது அவர் வாதம். அன்றைக்குப் பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. அதனால்தான் மூன்றாவது நோட்டில் அந்த எண்கள். எவ்வளவு தண்ணீர் எப்போது குடிப்பது என்பதும் அதை வைத்துத்தான்.

முதலில் அத்தைதான் செய்வதாகச் சொன்னார். அங்கே ஒத்துக்கொள்ளவில்லை. கை இருக்கிறவர் தானே செய்ய வேண்டும் என்றார்கள். மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாவது நாள் திரைக்குள்ளிருந்து, "முந்நூத்தி எம்பது, எழுதிக்க" என்று சத்தம் கொடுத்தார். எட்டு மாதத்தில் அவர் இன்னொருத்தருக்குச் சொன்ன முதல் வேலை அது. மலம் கழிப்பதும் அதே மாதிரிதான்: ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரே நேரம், சாப்பிட்டு அரை மணி கழித்து, கையுறை போட்டுக்கொண்டு. ஒழுங்கு தப்பாமல் இருந்தால் நடுவில் அசிங்கப்பட வேண்டியதில்லை.

காலிப்பர் போட்டு நிற்கவும் வைத்தார்கள். தொடையிலிருந்து பாதம் வரை இரும்பும் தோலும், இரண்டு கையிலும் ஊன்றுகோல். இடுப்பை வீசி வீசி அறுபது எட்டு வைத்தார். அந்த வீடியோவை நான் ஊருக்கு அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி எங்கம்மாவுக்கு இருபது போன். "தம்பி நடந்துட்டானாமா!" பிசியோ சொல்லித்தான் வைத்திருந்தார், இப்படி நடப்பதற்கு நாம் நடப்பதைவிடப் பல மடங்கு தெம்பு செலவாகும், வீட்டுக்குப் போய் இதை வைத்துப் பண்ணையம் பார்க்க முடியாது என்று. நிற்பது எலும்புக்கும் மனசுக்கும் நல்லது. போய்வருவதற்கு வீல்சேர்தான். அந்தக் காலிப்பர் இப்போது கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. நான் அந்த வீடியோவை அனுப்பியிருக்கக் கூடாது.

வேலூரில்தான் ஆய்க்குடி பற்றியும் கேள்விப்பட்டோம். தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்காரர் எஸ். ராமகிருஷ்ணன், என்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும்போது, 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பேரை வைத்து 1981இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வுப் பிரிவும் உண்டு. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மாமாவுக்கு இதில் பிடித்தது விருதெல்லாம் இல்லை. "கையும் இல்லாத மனுசன் பட்டணத்துக்குப் போகாம ஊருக்குள்ளயே இருந்து செஞ்சிருக்காரு, பாத்தயா" என்றார்.

ஊருக்குள் திரும்பி வருவது லேசில்லை. மூன்று மாதத்தில் கற்றதை எல்லாம் வீட்டு வாசப்படி மூன்று நிறுத்திவிட்டது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. எங்கள் மூன்று படி 21 அங்குலம். அப்படியென்றால் 21 அடி. வாசலில் அவ்வளவு இடம் இல்லை, நேராகப் போட்டால் கட்டுத்தரையில் போய் முட்டும். கொத்தனார் ஏழு அடியில் செங்குத்தாக ஒன்று போட்டுக் கொடுத்தார். அதில் தள்ளியபோது வீல்சேர் பின்னால் சாய்ந்து, அத்தை தாங்கிப் பிடித்ததில் தோள்பட்டை பிசகிவிட்டது. பிறகு இடித்துவிட்டு, பாதியில் ஒரு மேடை விட்டு மடக்கிப் போட்டோம். கக்கூஸ் கதவு 24 அங்குலம், வீல்சேர் 26. சுவரை உடைத்தோம். இதெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே டேப் வைத்து அளந்து செய்திருக்க வேண்டியவை.

அரசாங்கத்திடமிருந்து வந்ததையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, பக்கத்தில் சக்கரம் இணைத்த பெட்ரோல் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் 2019இல் கிடைத்தது. தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் எத்தனை நடை என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அந்த வண்டிதான் அவரை வெளியே கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதும் உபயோகமாக இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம், கொரோனா ஊரடங்கில், டியூப் கிடைக்காமல் ஒரே டியூபை சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, டப்பாவில் மூடி வைத்துப் பல நாள் ஓட்டினோம். அதையும் வேலூரிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் ஆள் வந்தார்கள். எண்ணெய் போட்டு நீவினால் நரம்பு எழும்பும் என்றார்கள். ஸ்டெம்செல் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் நடக்கலாம் என்று ஒரு இடத்திலிருந்து போன் வந்தது, லட்சக்கணக்கில் கேட்டார்கள். முறைப்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இந்தக் காயத்துக்கு ஸ்டெம்செல் ஊசியைக் காசுக்குப் போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். இந்த ஒரு அடையாளம் போதும் கண்டுபிடிக்க. தோட்டத்தில் பாதியை விற்றாவது போடலாம் என்று வீட்டில் நாலு நாள் சண்டை. விற்கக் கூடாது என்று நின்றது மாமாதான்.

அத்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி 12, 2, 4 என்று நோட்டில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் எழுந்தது அவர். பிள்ளை எழுதியது மட்டும்தான் பகலில், ராத்திரி நேரங்களை அத்தை காலையில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பால் கறப்பது, ஆள் கூப்பிடுவது, தண்ணி கட்டுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. மூன்று வருஷம் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒரு நாள் எங்கம்மாவிடம், "அவருக்குக் கால் போச்சு, எனக்கு ராத்திரி போச்சுங் அண்ணி" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அங்கே போய் இருப்பது என்று ஆனது. கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளவும், தானே புரண்டு படுக்கவும் மாமா பழகிய பிறகு, நல்ல மெத்தையில் ராத்திரி நேர இடைவெளியையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். நோட்டில் 4 மணி வரி முதலில் காணாமல் போகிறது. அப்புறம் 12. கடைசியில் 2 மட்டும். ஒரு வீட்டின் மீட்சியை எங்காவது அளக்க முடியும் என்றால், அந்தப் பக்கங்களில்தான் என்று எனக்குப் படுகிறது.

முதல் வருஷத்தில் மாமா, "என்னை எதுக்குடா தூக்கிட்டு வந்தீங்க" என்று கேட்ட நாட்கள் உண்டு. அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது காலையில் ஸ்கூட்டரில் தேங்காய்க் களத்துக்குப் போகிறார். காய் எண்ணுவது, எடை போடுவது, கணக்கு, பேரம் எல்லாம் அவர்தான். காலில் எரிச்சல் மட்டும் ராத்திரியில் இன்னும் உண்டு. உணர்ச்சியே இல்லாத கால் எரியுமா என்று கேட்பார்கள். எரியும், அறுபட்ட நரம்பு தானாகவே பொய்யான சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருஷம் ஒரு தடவை மூத்திரத்தில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பழைய நோயாளிகளை வருஷாவருஷம் வரச் சொல்லி வேலூரில் 'ரீஹேப் மேளா' நடத்துகிறார்கள். போக முடிந்த வருஷம் போகிறோம். இரண்டு சிறுநீரகமும் ஸ்கேனில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை, இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது. அடுத்த மாசம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை அத்தையின் தோள்பட்டைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "எனக்கென்ன கண்ணு, நா நல்லாத்தான இருக்கறேன்" என்கிறார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் காது வரைக்கும்தான் வருகிறது.